மூட்டு மாற்று அறுவை: லண்டனில் காத்திருப்பதா, கோவைக்குப் போவதா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாங்கள் லண்டனில்தான் செய்தோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வெகுகாலச் சர்க்கரை. இரண்டு முட்டியும் தேய்மானம், அதில் வலது ரொம்ப மோசம். எங்களோடு லண்டனின் ஹாரோவில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதியோடு இருக்கிறார், எனவே என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவையில் சிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. கோவையில் இருக்கும் பெரியம்மா அங்கேயே இரண்டு முட்டியையும் மாற்றிக்கொண்டு நன்றாக நடமாடுகிறார். வீடியோ காலில் அவருடைய பல்லவி ஒன்றுதான்: "இங்க வந்துரு. ரெண்டையும் ஒரே தடவைல முடிச்சுப்போடலாம். அங்க எதுக்கு வரிசைல நிக்கற?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கோவை பற்றி எனக்குத் தெரிந்தது பெரியம்மா வழியாகவும், அங்கே போய்ச் செய்துகொண்டு திரும்பிய சிலர் வழியாகவும்தான். பெரியம்மா உள்ளூர்க்காரர், அறுவைக்குப் பிறகு விமானம் ஏற வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

டாக்டர்களின் திறமையை ஒப்பிட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். இந்த அறுவையைப் பொறுத்தவரை தமிழ்நாட்டின் நல்ல எலும்பு மருத்துவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. கோவை கங்கா மருத்துவமனைக்கு வெளிநாட்டு மருத்துவர்களே பயிற்சிக்கு வருகிறார்கள். இங்கே என்.எச்.எஸ்.ஸில் கத்தி பிடிப்பவர்களிலும் இந்தியாவில் படித்தவர்கள் ஏராளம். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைப்பது, ஒன்றரை இரண்டு மணி நேர வேலை எல்லாம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். உள்ளே வைக்கும் செயற்கை மூட்டும் பெரும்பாலும் அதே பன்னாட்டு நிறுவனங்களுடையது. "அங்கே சீப்பாகக் கிடைக்கிறது என்றால் மட்டமான சாமானாக இருக்குமோ" என்று பயப்படவும் வேண்டாம். 2017 ஆகஸ்டில் இந்திய அரசின் மருந்து விலை ஆணையம் முட்டி உபகரணங்களுக்கு உச்சவரம்பு விதித்தது. அதுவரை சராசரியாக 1,58,000 ரூபாய்க்கு விற்ற கோபால்ட் குரோமியம் உலோகக் கலவை மூட்டு, அந்த உத்தரவில் வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு வந்தது.

தரத்தில் ஒரே ஒரு வித்தியாசம் சொல்லலாம். இங்கே 2003 முதல் தேசிய மூட்டுப் பதிவேடு இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரியில், எந்தச் சர்ஜன், எந்த நிறுவனத்தின் மூட்டை வைத்தார், அது எத்தனை ஆண்டு தாங்கியது என்று எல்லாம் அதில் ஏறுகிறது. ஆஸ்பத்திரி வாரியாக நாமே இணையத்தில் பார்க்கலாம். அந்தப் பதிவேட்டின்படி முழு முட்டி மாற்று செய்தவர்களில் பத்தாண்டுக்குள் மறு அறுவை தேவைப்படுவது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. இந்தியாவில் மருத்துவர் சங்கம் நடத்தும் பதிவேடு உண்டு, விருப்பப்பட்டவர்கள் மட்டும் அதில் பதிகிறார்கள். அதற்காகக் கோவையில் முடிவு மோசம் என்று அர்த்தமில்லை. அங்கே நாம் வாய்வழிப் பேச்சை நம்பி இறங்குகிறோம், அவ்வளவுதான்.

அடுத்து காசு. கோவையில் நல்ல தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு முட்டிக்கு இரண்டிலிருந்து மூன்று லட்சம் ரூபாய் என்றார்கள். சென்னையின் பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரி என்றால் இன்னும் மேலே. இங்கே தனியாரில் சொந்தக் காசில் செய்தால் ஒரு முட்டிக்கு ஏறத்தாழ 15,000 பவுண்டு, அதாவது பதினைந்து லட்சத்துக்கும் அதிகம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டித்தான் எல்லோரும் இந்தியாவுக்கு டிக்கெட் போடச் சொல்கிறார்கள். ஆனால் என்.எச்.எஸ். தகுதி உள்ளவர்களுக்கு எதிர்ப்பக்கத்து எண் 15,000 இல்லை, பூஜ்யம். கோவைக் கணக்கில் இரண்டு பேருக்கான டிக்கெட், அங்கே தங்கும் செலவு, கூடப் போகிறவரின் சம்பளமில்லா விடுப்பு எல்லாம் சேரும். பயணக் காப்பீடு, திட்டமிட்டுப் போய்ச் செய்துகொள்ளும் அறுவைக்கும் அதனால் வரும் சிக்கலுக்கும் பொதுவாகக் காசு தராது.

சரி, பூஜ்யம்தான், ஆனால் எப்போது கிடைக்கும்? இங்கே நியாயமான கேள்வி இதுதான். ஜி.பி., அதாவது குடும்ப மருத்துவர், நிபுணருக்கு எழுதிக் கொடுத்ததிலிருந்து 18 வாரத்துக்குள் நூற்றுக்கு 92 பேருக்கு சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் இலக்கு. 2016க்குப் பிறகு நாடு முழுக்க அந்த இலக்கு எட்டப்படவே இல்லை. காத்திருப்போர் பட்டியல் எழுபது லட்சத்தைத் தாண்டிப் பார்த்தாயிற்று. மூட்டு அறுவைக்கு ஒரு வருடம் காத்திருந்தவர்களை எனக்கே தெரியும்.

ஆனால் நம்மவர்களில் பாதிப்பேர் கேட்காத ஒன்று உண்டு. இங்கிலாந்தில் முதல் முறை நிபுணரிடம் அனுப்பும்போது எந்த ஆஸ்பத்திரி என்று தேர்ந்தெடுக்கும் சட்டப்பூர்வ உரிமை நோயாளிக்கு இருக்கிறது. வீட்டுக்கு அருகில் இருப்பதற்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. என்.எச்.எஸ். ஒப்பந்தம் உள்ள தனியார் ஆஸ்பத்திரியும் அந்தப் பட்டியலில் வரும், செலவு அரசுடையது. மூட்டு அறுவை மட்டுமே செய்யும் மையங்களும் உண்டு. லண்டனுக்குத் தெற்கே எப்சமில் 2004 முதல் ஒன்று இயங்குகிறது, எங்கள் பக்கம் சென்ட்ரல் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் 2023 இறுதியில் ஒன்று திறந்தார்கள். அவசர கேஸ் வந்து அறுவையைத் தள்ளிப்போடும் தொல்லை இந்த மையங்களில் குறைவு. ஜி.பி. தானாக இதைச் சொல்லுவார் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது, வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

இதிலும் ஒரு கொக்கி. தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத தனியார் ஆஸ்பத்திரிகள் அதிக எடை, கட்டுக்கடங்காத சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்களைத் திருப்பி அனுப்பிவிடும். அம்மாவின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எட்டரை சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் தேதி என்றார்கள். காத்திருந்த காலம் முழுக்கச் சோற்றைக் குறைப்பதும் மாத்திரையை மாற்றுவதுமாகப் போனது. பெரியம்மா கேலி செய்தார். அவருக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்சுலின் போட்டுச் சர்க்கரையை இறக்கி இரண்டாம் நாளே மேசையில் ஏற்றிவிட்டார்களாம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சர்க்கரை கூடுதலாக இருந்தால் புண்ணில் கிருமி சேரும் வாய்ப்பும் கூடும் என்பது தெரிந்த விஷயம்தான். அந்தக் காத்திருப்பு வீண் என்று நான் நினைக்கவில்லை.

இனி எங்கள் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். அறுவை ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு வரும் மூன்று மாதம் யாருடைய பொறுப்பு?

இந்தியா போகிறவர்களுக்குத் திரும்பும் டிக்கெட் தேதி முதலிலேயே குறிக்கப்பட்டுவிடுகிறது. அப்புறம் வைத்தியம் அந்தத் தேதிக்குத் தக்கபடி வளைகிறது. "மறுபடி எப்போது வரப்போகிறோம், இரண்டையும் சேர்த்தே செய்துவிடலாம்" என்ற முடிவு அப்படி வருவதுதான். இங்கே பெரும்பாலும் ஒன்றொன்றாகத்தான் செய்கிறார்கள். எழுபது வயதில் இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால் ரத்த இழப்பும் இதயத்துக்கான சுமையும் அதிகம். சிலருக்கு அது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் அதை உடம்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், விமானக் கம்பெனியைப் பார்த்து அல்ல.

அடுத்தது ரத்தக் கட்டி. முட்டி அறுவைக்குப் பிறகு கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து முதல் சில வாரங்களில் உச்சத்தில் இருக்கும், முழுதும் தணிய மூன்று மாதம் வரை ஆகலாம். சென்னையிலிருந்து ஹீத்ரோவுக்கு நேரடி விமானத்திலேயே பத்து மணி நேரத்துக்கு மேல் காலை மடக்கி உட்கார வேண்டும். கோவையிலிருந்து என்றால் நடுவில் மாறவும் வேண்டும். நீண்ட பயணத்தை மூன்று மாதம் தள்ளிப்போடுவதே நல்லது என்பது இங்கே வழக்கமான அறிவுரை. மூன்று மாத விடுப்பு யாரிடம் இருக்கிறது? ஆறாவது வாரமே ஏறிவிடுகிறார்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் சென்னையிலிருந்து வந்தார். வந்து இறங்கியதும் கெண்டைக்கால் வீங்கியது, அவசரப் பிரிவுக்குப் போனார். அவர் கையில் இருந்தது ஒரு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி. வலது முட்டி மாற்றப்பட்டது, சிக்கல் ஏதுமில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. என்ன மூட்டு, என்ன அளவு, என்ன மருந்து எத்தனை நாள் என்ற விவரமே கிடையாது. நல்லவேளை, ஸ்கேனில் கட்டி இல்லை, வெறும் வீக்கம். ஆனால் கிருமித் தொற்றாக இருந்திருந்தால்? ஆரம்பத்திலேயே பிடித்தால் மூட்டைத் திறந்து கழுவி, நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் தகட்டை மட்டும் மாற்றிக் காப்பாற்றிவிடலாம். அந்தத் தகடு அதே நிறுவனத்தின் அதே அளவாக இருக்க வேண்டும். விவரம் இல்லாவிட்டால் எதை வரவழைப்பது? இன்னொன்று, கடந்த ஒரு வருடத்தில் வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் படுத்தவர்களை மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கிறதா என்று சோதித்து, முடிவு வரும்வரை தனி அறையில் வைப்பது இங்கே நடைமுறை. என்.எச்.எஸ். கைவிடாது, அவசரம் என்றால் பார்ப்பார்கள். ஆனால் வேறொருவர் போட்ட மூட்டுக்கான வழக்கமான மேற்பார்வையை அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது.

அம்மாவுக்கு இந்தப் பகுதி எப்படிப் போனது என்று சொல்கிறேன். அறுவைக்கு முன்பே ஒரு படிவம் வந்தது. கட்டில், நாற்காலி, கழிப்பறை இவற்றின் உயரத்தை அளந்து எழுதச் சொன்னார்கள். கழிப்பறை இருக்கையை உயர்த்தும் சாதனம், சமையலறையில் சாய்ந்து உட்கார ஒரு உயர ஸ்டூல், நடக்கும் சட்டம் எல்லாம் இரவலாக வீட்டுக்கு வந்து சேர்ந்தன. இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஏறி இறங்கிக் காட்டிய பிறகுதான் அனுப்பினார்கள். ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது வெட்டிய கால் முன்னால். அதை அம்மா வாய்ப்பாடு மாதிரி முணுமுணுத்துக்கொண்டே எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏறினார்.

மூன்றாம் வாரம் தழும்பைச் சுற்றிச் சிவந்தது. பெரியம்மா போனிலேயே ஒரு ஆன்டிபயாடிக் பெயரைச் சொல்லி, ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்துப் பையில் இருக்கிறதா பார் என்றார். வார்டு கொடுத்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். எந்த ஆன்டிபயாடிக்கும் தொடாதீர்கள், முதலில் நாங்கள் பார்க்க வேண்டும் என்றார்கள். முன்கூட்டி மாத்திரை போட்டுவிட்டால் உள்ளே என்ன கிருமி என்று சோதனையில் தெரியாமல் போய்விடுமாம். மறுநாள் அறுவை செய்த குழுவே பார்த்தது. மேல்தோலின் எரிச்சல்தான், தானாக அடங்கியது. அறுவை செய்தவர்களே அதைப் பார்த்துச் சொன்னதுதான் எங்களுக்கு முக்கியம்.

இவ்வளவு சொன்ன பிறகு, கோவை தெளிவாக ஜெயிக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும்: பிசியோ. முதல் ஆறு வாரத்தில் முட்டி தொண்ணூறு டிகிரியாவது மடங்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இறுகிப்போகும். பெரியம்மா வீட்டுக்குத் தினமும் பிசியோதெரபிஸ்ட் வந்து, அழ அழ மடக்கிவிட்டுப் போனார். ஒரு முறைக்குச் சில நூறு ரூபாய். இங்கே படம் போட்ட ஒரு கையேடு, வாரம் ஒரு குழு வகுப்பு, மீதி உங்கள் சாமர்த்தியம். வலிக்குப் பயந்து அம்மா மடக்கவே மாட்டேன் என்றார். கடைசியில் தனியாரில் ஒரு தடவைக்கு ஐம்பது, அறுபது பவுண்டு கொடுத்து ஆளை வரவழைத்தோம். வலி மாத்திரையைப் போட்டுவிட்டு முக்கால் மணி நேரம் கழித்துப் பயிற்சி செய்ய வேண்டும் என்ற சின்ன விஷயத்தையே அவர்தான் சொல்லிக்கொடுத்தார். இந்த விஷயத்தில் என்.எச்.எஸ்.ஸுக்கு என்னால் வக்காலத்து வாங்க முடியாது.

எல்லோருக்கும் எங்கள் கணக்கு பொருந்தாது. பார்வையாளர் விசாவில் வந்திருக்கும் பெற்றோர் என்றால் என்.எச்.எஸ். வழக்கமான செலவில் ஒன்றரை மடங்கு வசூலிக்கும். அவர்களுக்கு யோசனையே வேண்டாம், ஊர்தான். ஊரில் வீடும் ஆளும் இருந்து நான்கைந்து மாதம் தங்க முடிகிற ஓய்வுபெற்றவர்களுக்கும் கோவை நல்ல தேர்வு. நான் சொன்ன குறைகளில் பாதி அங்கேயே அடிபட்டுவிடும். பல் வைத்தியத்துக்கு நாங்களே ஊருக்குத்தான் போகிறோம். வேலை விசாவில் இருப்பவர்கள் பொதுவாக ஆளுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் ஏற்கெனவே கட்டித்தான் வந்திருக்கிறீர்கள். அதைப் பயன்படுத்தாமல் ஊருக்கு ஓடுவது எனக்குப் புரியவில்லை.

போவது என்று முடிவெடுத்தால், மூட்டுப் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கர்களை உங்கள் கோப்பில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். நிறுவனம், அளவு, தொகுப்பு எண் எல்லாம் அதில் இருக்கும். அறுவைக் குறிப்பின் முழு நகல், முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே இரண்டையும் கேட்டு வாங்குங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் அவசரத்தில் கேட்டால் அப்புறம் அனுப்புகிறோம் என்பார்கள், அதனால் சேரும் நாளிலேயே கேளுங்கள்.

அம்மாவின் இடது முட்டிக்கு இப்போது ஜி.பி. எழுதிக் கொடுத்திருக்கிறார். அதே ஆஸ்பத்திரியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம். இந்த முறை பிசியோவுக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே காசு ஒதுக்கி வைத்துவிட்டோம்.