தீவனத் தொட்டி நல்லதுதான், அதற்கு ட்ரே வைத்தவரைத்தான் பார்க்க வேண்டும்

தொட்டி மறுபடியும் வெல்டிங் பட்டறைக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. இந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர், "செம்மறி வளர்க்கப் போகிறேன், நீங்கள் வைத்திருக்கிற மாதிரி ஒன்று வாங்கலாமா?" என்று கேட்கிறார். வழக்கமான வகைதான்: மேலே வி வடிவத்தில் கம்பிக் கூடு, கீழே தகர ட்ரே, இரண்டு பக்கமும் ஆடுகள் நின்று தின்னலாம். நீளம், எடை எல்லாம் விற்பவரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாததை நான் சொல்கிறேன்.

தீனி மிச்சமாகிறதா என்றால், ஆகிறது. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஆகிறது. காய்ந்த புல்லைத் தரையில் போட்டால் செம்மறி முதலில் இலையைப் பொறுக்கும், தண்டை ஒதுக்கும். ஒதுக்கியதன் மேலேயே நிற்கும், படுக்கும், புழுக்கை போடும். அப்புறம் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாது. இதில் ஆட்டைக் குறை சொல்லவும் முடியாது. குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சலைக் கொடுக்கும் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணி, புழுக்கை பட்ட தீனி, தண்ணீர் வழியாகத்தான் வயிற்றுக்குள் போகிறது. வேண்டாம் என்று அது ஒதுக்குவதில் நியாயம் இருக்கிறது. தீனியைத் தரையிலிருந்து தூக்கி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதற்குக் கம்பிக் கூடு போதும்.

மீதிப் பாதிதான் சுவாரஸ்யம். செம்மறி ஒரு வாய் புல்லை இழுத்து, தலையை வெளியே எடுத்து, பக்கத்து ஆட்டைப் பார்த்துக்கொண்டே மெல்லும். அப்போது வாயிலிருந்து விழுவது தண்டு அல்ல, இலை. குதிரை மசால் போன்ற பயறு வகைத் தீவனம் காய்ந்துவிட்டால் தொட்டாலே இலை உதிரும். செடியில் இருக்கிற புரதத்தில் பெரும்பகுதி அந்த இலையில்தான் இருக்கிறது. ஆக, கூடு பிடித்து வைப்பது தண்டை. சத்தைப் பிடித்து வைப்பது கீழே இருக்கிற ட்ரே. கூட்டில் புல் தீர்ந்த பிறகு எல்லாம் ட்ரேயில் வரிசையாக முகத்தை வைத்து, பொடி இலையை நக்கி எடுப்பதைப் பார்க்கலாம். தொட்டி வாங்கியதில் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் அதுதான்.

இனி கோபம். இவ்வளவு வேலை செய்கிற ட்ரேயை இவ்வளவு அலட்சியமாக ஒருவரால் எப்படிச் செய்ய முடியும்? கழற்ற வராது. தண்ணீர் வடிய ஒரு ஓட்டைகூட இல்லை. நாலு மூலையும் செங்குத்து. ஆட்டின் வாயும் எட்டாது, துடைப்பமும் எட்டாது. இலைப்பொடி அங்கே ஒதுங்கும், எச்சில் படும், சாரல் படும், அடுத்த நாள் பச்சைப் பூஞ்சணம். விரலை விட்டுச் சுரண்டி எடுக்க வேண்டும். இதை வெறும் அழகுக் குறையாக விட்டுவிடவும் முடியாது. ஈரத்தில் கெட்டுப்போன தீனியில் லிஸ்டீரியா கிருமி பெருகும். காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைக்கும் பசுந்தீவனமான சைலேஜ் கெட்டுப்போனால்தான் அது அதிகம் என்றாலும், இப்படி அழுகிய மிச்சத்தையும் நம்ப முடியாது. அது மூளையைத் தாக்கினால் ஆடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும். பல நேரம் பிழைக்காது. துருப்பிடித்து வெல்டிங் விட்டதும் அதே மூலைகளில்தான். கம்பிக் கூடோ புதிதுபோல இருக்கிறது. விற்றவரிடம் சொன்னால், "தினமும் சுத்தம் பண்ணணும் சார்" என்கிறார். எதை வைத்து என்று சொல்லவில்லை.

உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கூடு ஆட்டின் தலைக்கு மேலே இருந்தால் தூசியும் விதையும் கண்ணில் விழும், கழுத்து ரோமத்தில் சிக்கும். ரோமத்துக்காக வளர்ப்பவர்களுக்கு அது நேரடி நஷ்டம். கம்பி இடைவெளி அகலமாக இருந்தால் கொத்தாக இழுத்துக் கீழே போடும். கொம்புள்ள கிடா இருந்தால் தலை மாட்டிக்கொள்ளும். குட்டிகள் ட்ரேயில் ஏறிப் படுக்கும். அதற்கு எந்தத் தொட்டியிலும் மருந்து இல்லை.

இன்னொன்று. தொட்டி வந்ததும் ஒரு துரும்புகூட வீணாகக் கூடாது என்ற வெறி வரும். விட்ட தண்டையே திரும்பத் திரும்பக் கூட்டில் திணிக்கத் தோன்றும். சினை ஆடுகளிடம் அதைச் செய்யாதீர்கள். சுமார் 5 மாதச் சினையில் குட்டி வேகமாக வளர்வது கடைசி 6 வாரங்களில்தான். அந்த நேரத்தில் சத்தில்லாத தண்டை மட்டும் தின்னக் கொடுத்தால், அதுவும் இரட்டைக் குட்டி என்றால், தாய் படுத்துவிடும். தண்டை சினையில்லாத ஆடுகளுக்குப் போடுங்கள், இல்லையென்றால் படுக்கைக்கு விரியுங்கள். நறுக்கிப் போட்டாலும் ஆடு பொறுக்குவது குறையும். ஆனால் நறுக்கியது இந்தக் கூட்டில் நிற்காது, நேரே ட்ரேக்குப் போய்விடும். மறுபடியும் அந்த மூலைகள்தான்.

நண்பருக்கு என் பதில்: இந்த மாதிரியை வாங்க வேண்டாம். மூலை வளைந்து, கழற்ற வருகிற ட்ரேயோடு கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். என்னுடையதை நான் இப்போது ஓட்டை போட்டு, மூலையில் தகரம் வளைத்து ஒட்டி வைத்திருக்கிறேன். அதை விலைக்குக் கொடுப்பீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். கொடுக்க மாட்டேன்.