சிங்க வேட்டையா, ஈட்டிப் போட்டியா? மாசாய் வீரன் முன் இரு வழிகள்

கென்யாவின் அம்போசெலி பகுதியில் விருத்தசேதனச் சடங்கு முடிந்த மாசாய் இன இளைஞன் 'மொரான்', அதாவது வீரன். அந்தச் சடங்கு இன்றும் தொடர்கிறது. மாறியிருப்பது அதன்பின் வீரத்தைக் காட்டும் முறை. முன்பு சிங்க வேட்டை; 2012 முதல் மாசாய் ஒலிம்பிக்ஸ் என்ற விளையாட்டுப் போட்டி.

ஆபத்து
வேட்டை: உயிரே போகலாம். 1977 முதல் கென்யாவில் வேட்டைக்குத் தடை என்பதால் சிறைக்கும் போகலாம்.
போட்டி: தசைப்பிடிப்பு, சுளுக்கு.

திறமை
வேட்டை: ஈட்டி, ஓட்டம், கூட்டாகச் சுற்றி வளைப்பது.
போட்டி: ஈட்டி எறிதல், ருங்கு தடியைக் குறிபார்த்து வீசுதல், நின்ற இடத்திலிருந்து உயரக் குதித்தல், 200 மீட்டர் முதல் 5 கிலோமீட்டர் வரை ஓட்டம். கைவித்தை அப்படியே இருக்கிறது, இலக்குதான் வேறு.

பெயர்
இங்கேதான் இளைஞர்கள் தயங்குகிறார்கள். சிங்கத்தைக் கொன்றவனுக்கு ஒரு சிங்கப் பெயர் கிடைக்கும். வாழ்நாள் முழுக்க அது கூடவே வரும். பதக்கத்துக்கு அந்தக் கனம் இன்னும் வரவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் வேட்டையை விடச் சொன்னது வெளியாட்கள் மட்டுமல்ல, மொரான்களை வழிநடத்தும் மூத்தவர்களும்தான். அவர்கள் சொல்லுக்கு அங்கே எடை அதிகம்.

ஊரார் முன் ஓடி வெல்லும் ஆசை இருப்பவனுக்குப் போட்டி போதும். சிங்கத்தின் அருகாமையே வேண்டும் என்பவனுக்கு 2007-இல் தொடங்கிய, சிங்கங்களைக் காக்கும் 'லயன் கார்டியன்ஸ்' பணி பொருந்தும். தடம் பார்த்துச் சிங்கத்தைத் தேடும் அதே வேலைதான், ஈட்டி பாய்வதில்லை. அங்கே மொரான்கள் சிங்கங்களுக்கே மாசாய் பெயர் வைக்கிறார்கள்.