மலைமேல் வெஸ்ட்வில், சந்தையருகே டி.யூ.டி.: டர்பனில் எங்கே படிப்பது?

பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கின் முடிவு வெளியாகும் ஜனவரி மாதத்தில், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சுதான்: வெஸ்ட்வில்லா, டி.யூ.டி.யா? ஞாயிறு தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் என்னையும் கேட்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் இரண்டும் உண்டு. நாத்தனார் மகள் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் பார்மசி படிக்கிறாள். என் மகன் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், அதாவது டி.யூ.டி.யில், ஹோட்டல் நிர்வாகம். பாடங்களையும் கட்டணத்தையும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை நான் சொல்கிறேன்.

வெஸ்ட்வில் மலைச்சரிவில் இருக்கிறது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகப் படி ஏற வேண்டும், படி இறங்க வேண்டும். சுற்றிலும் மரம், மரத்தில் குரங்கு. முதல் வாரமே நாத்தனார் மகள் கையிலிருந்த சமோசாவை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. இப்போது பையின் ஜிப்பை மூடி, இரண்டு நுனியையும் தலைமுடி ரப்பரால் சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் உட்காருகிறாள். ஆனால் அந்த அமைதி நகரத்தில் எங்கும் கிடைக்காது. பரீட்சை நேரத்தில் மர நிழலில் உட்கார்ந்து நாள் முழுக்கப் படிக்கலாம்.

அழகான இடம். ஆனால் அது பிறந்த கதை கசப்பானது. நிறவெறி அரசு இந்தியர்களை ஒதுக்கிவைக்க 1961இல் ஒரு தனிக் கல்லூரி திறந்தது. அதுவும் டர்பன் துறைமுகத்துக்குள் சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுப்போன பழைய கட்டடங்களில். மாணவர்கள் படகேறிப் போய்ப் படித்தார்கள். 1970களின் தொடக்கத்தில்தான் கல்லூரி இந்த மலைக்கு வந்து, டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் ஆனது. 2004இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம் ஆனது. மாணவராக இருந்தபோது அரசியல் காரணத்துக்காக வெளியேற்றப்பட்ட சாத்ஸ் கூப்பர், அரசியல் கைதிகளை அடைத்த ராபன் தீவுச் சிறைக்கும் போய் மீண்டு, இணைப்புக்கு முன் அதே பல்கலைக்கழகத்தின் கடைசித் துணைவேந்தராக அமர்ந்தார். அந்தப் படிகளில் ஏறும் நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

காந்தி-லுத்துலி ஆவண மையமும் அங்கேதான். 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒன்றரை லட்சம் பேரைப் பற்றித் தேடுகிறவர்கள் அங்கே போகிறார்கள். நானும் என் கணவரும் அவருடைய கொள்ளுத்தாத்தாவைக் கப்பல் பட்டியலில் தேடினோம். மாவட்டம் வட ஆற்காடு என்று தெளிவாக இருந்தது. ஊர்ப்பெயரை எழுதியவர் சிதைத்திருந்தார். உரக்கப் பத்துமுறை வாசித்த பிறகுதான் பிடிபட்டது. என் கணவர் அன்று வீட்டுக்கு வரும்வரை பேசவே இல்லை. இதே வளாகத்தில் ஒரு காலத்தில் தமிழைப் பட்டப்படிப்புப் பாடமாகவே படிக்க முடிந்தது. இன்று முடியாது. என் வகுப்பில் நன்றாக எழுதும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் அது எனக்கு உறுத்துகிறது.

சரி, டி.யூ.டி.க்கு வருவோம். இது நகரத்துக்குள்ளேயே பல வளாகங்களாகப் பரவியிருக்கிறது. வேர் இரண்டு: 1907இல் தொடங்கிய வெள்ளையர் தொழிற்கல்லூரி ஒன்று, எம்.எல். சுல்தான் பெயரில் இந்தியர்களுக்காக எழுந்தது இன்னொன்று. சுல்தான் திருவிதாங்கூரிலிருந்து 1890இல் ஒப்பந்தக் கூலியாக வந்தவர். வாழைத் தோட்டம் வைத்து முன்னுக்கு வந்து, சேர்த்த பணத்தை நம் மக்களின் படிப்புக்குக் கொடுத்தார். அக்கம்பக்கத்தில் இருந்தும் நிறத்தால் பிரிந்து கிடந்த இரண்டும் 2002இல் ஒன்றாயின. வெஸ்ட்வில் அரசு நம்மைத் தள்ளிவைத்த இடம். இது நம்மில் ஒருவர் எழுப்பிய இடம். எனக்கு இந்த வித்தியாசம் பெரிது.

வளாகத்தின் பக்கத்திலேயே கரீஸ் ஃபவுண்டன் மைதானம். 1974 செப்டம்பரில் அரசு தடை போட்டும் ஆயிரக்கணக்கானோர் கூடி மொசாம்பிக்கின் விடுதலைப் போராளிகளை வாழ்த்தியது அங்கேதான். கொஞ்சம் இறங்கி நடந்தால் வார்விக் சந்திப்பு: பலர் சேர்ந்து ஏறிப்போகும் மினிபஸ் டாக்சிகளின் பாட்டு, வேகும் மக்காச்சோளத்தின் ஆவி, மூலிகைக் கடைகள், அப்புறம் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காய்கறி விற்கும் அதிகாலைச் சந்தை. அதை இடித்துப் பெரிய வணிக வளாகம் கட்ட 2009இல் முயன்றபோது வியாபாரிகள் எதிர்த்து நின்று காப்பாற்றினார்கள்.

என் மகனுக்குப் பாதிப் பாடம் இந்தச் சந்தையில்தான். கறிவேப்பிலையின் காம்பைக் கிள்ளிப் பார்த்து எப்போது பறித்தது என்று சொல்கிறான். மடும்பி கிழங்கு விற்கும் சூலுப் பாட்டியை ‘கோகோ’ என்று கூப்பிட்டு, பள்ளியில் பன்னிரண்டு வருடம் வராத சூலுவில் பேரம் பேசுகிறான்.

குறையையும் சொல்ல வேண்டும். அங்கே போனை வெளியே எடுத்துக்கொண்டு நடக்க முடியாது. இருட்டினால் நாலைந்து பேராகத்தான் டாக்சி நிறுத்தத்துக்கு வர வேண்டும். மாலை வகுப்பு உள்ள நாட்களில் அவன் வீடு சேரும்வரை நான் சமையலறை ஜன்னலை விட்டு நகர்வதில்லை.

விழாக்களில் பெரிய வித்தியாசம் இல்லை. தீபாவளியை இரண்டு இடத்திலும் கொண்டாடுகிறார்கள். மாலை நேரம்தான் வேறு. வெஸ்ட்வில்லில் நாடகம், விவாதம், விளையாட்டு எல்லாம் விடுதியில் தங்குகிறவர்களுக்கே முழுசாகக் கிடைக்கிறது. சாட்ஸ்வொர்த்திலிருந்து போய்வரும் பிள்ளை டவுனில் டாக்சி மாற வேண்டும். நாலு மணிக்கே கிளம்பிவிடுகிறாள், தோழிகளும் வகுப்போடு சரி. டி.யூ.டி.யில் அந்தக் கவலை இல்லை. வளாகத்து வாழ்க்கை பகலிலேயே, தெருவிலேயே நடந்துவிடுகிறது.

அதனால் என் கணக்கு இது: விடுதி உறுதியானால் வெஸ்ட்வில், வீட்டிலிருந்து போய்வருவதானால் டி.யூ.டி. பார்மசி மாதிரி ஒரு படிப்பில் உறுதியாக இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம், வெஸ்ட்வில்தான். முடிவெடுக்கும் முன் ஒரு வேலைநாள் காலை ஆறரைக்குப் பிள்ளையோடு நீங்களும் டாக்சி ஏறுங்கள். முதலில் வார்விக்கில் இறங்கி டி.யூ.டி. வரை நடங்கள். பிறகு அங்கிருந்தே வெஸ்ட்வில்லுக்கு இன்னொரு டாக்சி பிடியுங்கள். தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.