பழைய ஓவேஷன் கிட்டார் வாங்குகிறவர்கள் உள்ளே பார்த்துவிட்டு வாங்குங்கள்

கோவையில் ஒரு கடையில் பழைய ஓவேஷன் கிட்டார் ஒன்றை 46,000 ரூபாய் கொடுத்து வாங்கி ஏமாந்துவிட்டேன். அதே மாதிரி இன்னொன்று இப்போது அங்கே தொங்குகிறது என்று பொள்ளாச்சி நண்பர் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்தக் கிட்டார் மேல் எனக்குப் பள்ளி நாளிலிருந்தே ஆசை. கோபியில் திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளில் ஓர் அண்ணன் வாசிப்பார். முதுகு தட்டையாக இருக்காது, பாதி தர்பூசணி போல உருண்டிருக்கும். ஹெலிகாப்டர் செய்துகொண்டிருந்த சார்லஸ் கேமன் என்ற அமெரிக்கர் 1960களில் தொடங்கிய கம்பெனிதான் ஓவேஷன். முதுகு மரமில்லை, கண்ணாடியிழை. மடியில் நிற்காமல் வழுக்கும். ஆனால் ஆம்ப்பில் சொருகினால் வேறு கதை. கம்பிகள் உட்காரும் பட்டையான சேடிலுக்குள், அதிர்வை மின்சாரமாக மாற்றும் பீசோ துண்டுகள் கம்பிக்கு ஒன்றாக ஆறு இருப்பதால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக, கணீரென்று வரும். டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவிலும் அமுங்காது. இப்படிச் சத்தத்தை எடுத்து ஆம்ப்புக்கு அனுப்புவதைத்தான் பிக்கப் என்பார்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்தச் சத்தம்தான்.

கடைக்காரர் ஆம்ப்பில் ரிவெர்ப் (எதிரொலி) நிறைய வைத்து, வால்யூமைக் குறைத்து வாசித்துக் காட்டினார். "ஒரிஜினல் பிக்கப்புங்க தம்பி, உள்ள கையே வைக்கலீங்க" என்றார். நம்பி எடுத்தேன்.

ஈரோட்டில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் வால்யூமை ஏற்றியதும் கூவ ஆரம்பித்தது. கிட்டாரின் முன்பலகையில் விரல் பட்டால் தொம் தொம் என்று கேட்கிறது, கம்பிச் சத்தம் மட்டும் மங்கல். டோன் குமிழைத் திருகினால் ஒரு மாற்றமும் இல்லை. பாட்டுக்கு நடுவில் கிட்டாரை இறக்கி வைக்க வேண்டியதாயிற்று.

ரிப்பேர் செய்கிறவர் கம்பிகளைக் கழற்றி, சவுண்டு ஹோல் வழியாகச் சின்னக் கண்ணாடி விட்டுக் காட்டினார். சேடில் பிக்கப்பின் ஒயர் வெட்டப்பட்டிருந்தது. சேடிலைத் தாங்கும் பிரிட்ஜுக்கு நேர் கீழே, பலகையின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணய அளவு பீசோ வில்லையைப் பசை போட்டு ஒட்டி, நேராக ஜாக்குக்கு இழுத்திருந்தார்கள். குமிழ்கள் எதனோடும் சேரவில்லை. அப்புறம் ஆக்‌ஷன், அதாவது கழுத்திலிருந்து கம்பி நிற்கும் உயரம்: 12ஆம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பியில்) 4 மி.மீ., ரொம்ப அதிகம். சேடிலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடுகளை எடுத்தால் இறங்கும், ஆனால் எல்லாவற்றையும் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார்கள். கழுத்தே முன்னால் சாய்ந்திருக்கிறது. மெல்லிய கம்பி போட்டிருந்ததால் கடையில் விரலுக்கு அது தெரியவில்லை.

திருப்பிக் கொண்டுபோனேன். "வாசிச்சுப் பார்த்துட்டுத்தானுங்க எடுத்தீங்க? பழைய சாமான்னா அப்படித்தானுங்க தம்பி" என்று அனுப்பிவிட்டார். பில்லில் "கிட்டார் 1" என்று மட்டும்தான் இருக்கிறது. பழசில் பழுது இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. பிக்கப் போய்விட்டது என்று சொல்லியிருந்தால் 20,000 கொடுத்து மனதார எடுத்திருப்பேன். மறைத்து விற்றதைத்தான் பொறுக்க முடியவில்லை.

போகிறவர்கள் டார்ச்சும் ஒரு சின்னக் கண்ணாடியும் கொண்டுபோங்கள். முதலில் ஆம்ப் இல்லாமல் வாசியுங்கள். பிறகு ரிவெர்ப்பை நிறுத்தச் சொல்லி, ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாக ஒரே அழுத்தத்தில் மீட்டுங்கள். இரண்டு குமிழையும் கடைசிவரை திருகுங்கள். ஒரிஜினல் பிக்கப் என்று வாயால் சொன்னால் அதைப் பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.