வகுப்புத் தலைவர்: தேர்தலா, சுழற்சியா?

தொடக்கப் பள்ளியில் குடிமைப் பண்பை வளர்க்க, வகுப்புத் தலைவரை வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பதா, வாரம் ஒரு பிள்ளை என்று முறை மாற்றி விடுவதா, எது நல்லது என்று ஆசிரியர்கள் குழம்புகிறார்கள்.

செலவு: தேர்தலுக்குத் துண்டுச் சீட்டும் அட்டைப் பெட்டியும்; சுழற்சிக்குச் சுவரில் ஒரு பெயர்ப் பட்டியல்.

நேரம்: தேர்தல் ஒரு நாளில் முடியும், சுழற்சியை வருடம் முழுக்கக் கவனிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாம் மாதமே பட்டியல் தூங்கிவிடும்.

மரியாதை: உண்மையான வித்தியாசம் இங்கேதான். தேர்தலில் பெரும்பாலும் சத்தமாகப் பேசுகிற, முதல் ரேங்க் வாங்குகிற பிள்ளைதான் ஜெயிக்கும், சில ஊர்களில் பெரியவர்களின் சாதிக் கணக்கும் பிள்ளைகளின் சீட்டில் எட்டிப் பார்க்கும். சுழற்சியில் வாயே திறக்காத பிள்ளைக்கும் முறை வரும். காலை உணவு நேரத்தில் கை கழுவும் வரிசையை அந்த வாரம் அவள் பார்த்துக்கொள்கிறாள், மற்றவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் தோற்பதை ஏற்கும் பக்குவம், வாக்கு ரகசியம், இதெல்லாம் தேர்தலில்தான் பழகும்.

(பேசியவர் பெயரைப் பலகையில் எழுதும் வேலையை இரண்டிலும் தூக்கிவிடுங்கள். அது போலீஸ் வேலை.)

சரி, எது யாருக்கு? 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை சுழற்சி. 4, 5-க்குத் தேர்தல் வைக்கலாம், பதவிக்காலம் ஒரு மாதம், ஒருமுறை இருந்தவர் அந்த வருடம் மறுபடி நிற்கக் கூடாது. பத்துப் பிள்ளைகளே உள்ள ஓராசிரியர் பள்ளி என்றால் தேர்தலே வேண்டாம்.