மேசைக்குப் பத்து நிமிடம்: நூலக நண்பர்கள் குழுவின் வரலாற்றுப் பேச்சுகள், ஓர் அனுபவம்

நான் போய்வரும் பழைய நூலகத்தின் நண்பர்கள் குழு, ஆண்டுச் சந்தாவை உயர்த்திவிட்டது. அறிவிப்பு வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக "இவ்வளவு கட்டிச் சேரலாமா, வேண்டாமா?" என்று கேட்கிறார்கள். ஆளுக்கொரு பதில் எழுதிக்கொண்டிருக்க முடியாது, அதனால் மொத்தமாக இங்கே. மாதம் ஒரு சனிக்கிழமை, மாடி அரங்கு, ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு கேள்வி, யாரும் வரலாம் என்பதெல்லாம் கேட்பவர்களுக்கே தெரியும். அந்தக் கேள்வி நேரம் எங்கே போய் முடியும் என்பதுதான் தெரியாது.

பேச்சுகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தரங்கம்பாடி அச்சகம் பற்றி ஒருவர் பேசினார். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கினார், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது என்று ஆண்டுகளை அடுக்குவதற்குப் பாடப்புத்தகம் போதும். அவர் பிடித்துக்கொண்டது காகிதத் தட்டுப்பாட்டை. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் அச்செழுத்துகள் உருவத்தில் பெரியவை. பெரிய எழுத்தில் கோத்தால் பக்கம் கூடும். கப்பலில் வரும் காகிதமோ அளவானது. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள், பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலையும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு அளவு எழுத்தையும் ஒரே ஸ்லைடில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டியபோது அரங்கில் ஒரு "அட!" கேட்டது. என்னுடைய குரலாகவும் இருந்திருக்கலாம்.

எல்லாப் பேச்சும் அந்தத் தரம் என்று சொல்ல மாட்டேன். ஸ்லைடில் இருப்பதை வரி விடாமல் வாசித்துவிட்டு இறங்கும் பேராசிரியர்கள் உண்டு. வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, குரூப் போட்டோ எல்லாம் உண்டு. யூடியூபில் ஏற்றும் பதிவில் பேச்சைவிட மின்விசிறிதான் தெளிவாகக் கேட்கும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது மைக் கூட்டத்துக்குள் இறங்கும் நேரம். எம்டன் கப்பல் பற்றிய பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு, அந்த ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தை நோக்கி நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன, பயந்துபோன ஜனங்கள் ஊரைக் காலி செய்தார்கள். அன்றைய பேச்சாளர் இன்னொன்றையும் தானாகவே எடுத்துச் சொன்னார்: விடுதலைப் போராட்டக்காரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்ற கதைக்கு ஆதாரம் இல்லை, அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். படம் போட்டு, ஆண்டு போட்டு, நிதானமாகச் சொன்னார். முடித்து உட்கார்ந்ததும் முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. "ஐயா, மிக அருமையான உரை. ஆனால் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்ததை ஏன் மறைத்தீர்கள்?"

அன்றைக்காவது பேச்சுக்கும் கேள்விக்கும் ஒரு சம்பந்தம் இருந்தது. ஓலைச்சுவடி பாதுகாப்பு பற்றிப் பேச வந்தவரிடமும் இதே கேள்வி வந்தது. அவர் எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவதையும் எழுத்தின் கீறலில் கரி பூசுவதையும் விளக்கிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார் பாவம்.

கேள்வி கேட்பவர்களில் அடுத்தவர் குமரிக்கண்டத்துக்காரர். தலைப்பு ரயில் பாதையாக இருந்தாலும் சரி, பஞ்சமாக இருந்தாலும் சரி, நான்காவது வாக்கியத்தில் கடலுக்குள் இறங்கிவிடுவார். குமரிக்கண்டத்துக்கு ஆதாரமாக அவர் காட்டும் லெமூரியா என்பது 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரின் லெமூர் இனங்களுக்கும் இந்தியாவில் உள்ள அவற்றின் உறவினங்களுக்கும் தொடர்பு சொல்ல வைத்த ஊகம், கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அறிவியலுக்கு அது தேவைப்படவில்லை என்று பேச்சாளர்கள் எத்தனை முறை சொன்னாலும் அடுத்த மாதம் புதிதாகத் தொடங்கும். மூன்றாமவர் கேள்வியே கேட்பதில்லை, "ஒரு சிறு கருத்து" சொல்வார். அந்தச் சிறு கருத்து முடிவதற்குள் நான் அரங்கின் உத்தரங்களை எண்ணி முடித்திருப்பேன்.

நியாயமாகவும் பேச வேண்டும். செண்பகராமன் பிள்ளைக் கேள்வியைக் கேட்கும் பெரியவர் தன் வீட்டு அலமாரிகளைக் காலி செய்து அத்தனை புத்தகங்களையும் நூலகத்துக்குக் கொடுத்தவர். அதில் வேறெங்கும் எனக்குக் கிடைக்காத சிறுவெளியீடுகள் உண்டு. நானே எடுத்துப் படித்திருக்கிறேன். மழை நாளில் பேச்சாளரையும் சேர்த்து ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தபோது அவர் முன்வரிசையில்தான் இருந்தார். அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்க யாருக்கு மனம் வரும்? செயலாளரிடம் முறையிட்டேன். "உறுப்பினர்கள் மனசு நோகக் கூடாது பாருங்க" என்றார். நானும் உறுப்பினர்தான், என் மனசு எந்தக் கணக்கில் வருகிறது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்று கொஞ்ச காலம் ஓட்டிப் பார்த்தார்கள். சீட்டு இரண்டு பக்கமும் நிரம்பி, பின்குறிப்போடு வர ஆரம்பித்ததும் கைவிட்டார்கள்.

இத்தனை எரிச்சல் எதற்கு என்றால், கேள்வி நேரத்துக்குப் பிறகு வருவதுதான் இந்தப் பேச்சுகளின் உயிர். கீழே வாசிப்பறையில், அன்றைய தலைப்போடு தொடர்புள்ள நூல்களை அலமாரியிலிருந்து எடுத்து நீள மேசையில் வைப்பார்கள். கண்ணாடிப் பெட்டி இல்லை, கயிறு கட்டி மறிப்பதில்லை. நூலகர் அம்மா பக்கத்தில் நிற்பார், நாம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், கேட்டால் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவார். இலவசமாக வருகிறவருக்கும் சந்தா கட்டியவருக்கும் அங்கே ஒரே மரியாதை.

பதிப்பு வரலாறு பற்றிய பேச்சன்று சீவக சிந்தாமணியை வைத்தார்கள். உ.வே.சாமிநாதையர் 1887இல் பதிப்பித்தது. கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் "சிந்தாமணி படித்ததுண்டா?" என்ற தோரணையில் கேட்டதில் தொடங்கி, ஏடு ஏடாகத் தேடி ஒப்பிட்டு, அச்சுச் செலவுக்கு ஆள் ஆளாகப் பார்த்து முன்பணக் கையொப்பம் வாங்கி வந்த புத்தகம். அந்தக் கதை எத்தனை முறை கேட்டது! ஆனாலும் தலைப்புப் பக்கத்தின் மேல் குனிந்து நிற்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. ஒரு பூச்சி அட்டையில் நுழைந்து பல பக்கங்களைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. ஊசிமுனைத் துளை பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறி, ஓரிடத்தில் ஒரு செய்யுளின் எதுகையைத் தின்றுவிட்டு நின்றுவிட்டது.

அதற்குப் பக்கத்தில் வயதில் இளைய ஒரு புத்தகம், 1920களின் மலிவுப் பதிப்பு. தொட்டால் உதிரும் போலப் பழுப்பேறிக் கிடந்தது. மூத்தது தேவலை, இளையது படுமோசம். எப்படி என்று கேட்டதற்கு அந்த அம்மா சொன்னார்: பழைய காகிதம் கந்தல் துணியிலிருந்து செய்தது, நார் நீளம், உறுதி. பிறகு மரக்கூழுக்கு மாறினார்கள், மை ஊறாமல் இருக்கப் படிகாரமும் குங்கிலியமும் சேர்த்தார்கள், அதில் வரும் அமிலம் காகிதத்தை உள்ளிருந்தே அரிக்கிறது. அச்சு பெருகிப் புத்தகம் விலை குறைந்த காலத்துப் பிரதிகள்தான் இன்றைக்கு முதலில் சாகின்றன. "சுவடிக்குக்கூட இவ்ளோ பயப்பட மாட்டேன் சார், இந்த நாவலுங்களுக்குத்தான் பயம்" என்றார். பல பேச்சுகளில் கேட்டதைவிட இந்த ஒரு வரி எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது.

இந்த மேசைக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், காகிதத்தில். ஊழியர்கள் வீட்டுக்குப் போக வேண்டும், வாசிப்பறையை நேரத்துக்குப் பூட்டுவார்கள், அதில் தப்பே இல்லை. மேலே கேள்வி நேரம் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவும் இங்கே வெட்டு. பெரும்பாலும் மிஞ்சுவது பத்து நிமிடம், அதிலும் மேசையைச் சுற்றி மூன்று வரிசை ஆள். கடந்த மாதம் நான் படியிறங்கி வந்தபோது அந்த அம்மா நூல்களைப் பருத்தித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். தலைப்பு நில அளவை. லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1802இல் பரங்கிமலையருகே அளவைக்கான அடிக்கோடு அளந்ததிலிருந்து வந்த வரைபடங்கள் இருந்தனவாம். நான் பார்த்தது சுருட்டிய முதுகை. மேலே அந்த நேரம் முழுக்க ஓடியது கடல்கோள்.

ஆகவே, சேர வேண்டாம். இந்த ஊரில் ஒரு சனிக்கிழமை மாலையை இதைவிட நன்றாகச் செலவழிக்க எனக்கு வேறு இடம் தெரியாது, இருந்தாலும் வேண்டாம். உறுப்பினருக்குக் கிடைப்பது முன்வரிசை நாற்காலியும் ஆண்டுக்கூட்ட அழைப்பும்தான். முன்வரிசையில் உட்கார்ந்தால் நடுவில் எழுந்து போக முடியாது. நூலகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால், நூல் பாதுகாப்பு நிதிக்கென்று தனிக் கணக்கு இருக்கிறது, அதில் போடுங்கள், நானும் இந்த முறை அதில்தான் போட்டேன். பேச்சுக்குக் கடைசி வரிசையில், கதவோரமாக இடம் பிடியுங்கள். கைதட்டல் ஓயும்போதே இறங்கிவிட்டால் மேசை முழுக்க உங்களுக்கு. பேனாவைக் கீழே அனுமதிப்பதில்லை, பென்சில் எடுத்துப் போங்கள்.