டைட்டில் கமிட்மென்ட்: மொபைல் ஹோமுக்கு மனை வாங்குவோருக்குப் பாதி உதவி

அமெரிக்காவில் மேனுஃபேக்சர்டு ஹோம் (தொழிற்சாலையில் கட்டி மனைக்குக் கொண்டுவரும் வீடு; பேச்சுவழக்கில் மொபைல் ஹோம்) வைக்க மனை வாங்கும்போது, மனை உரிமைக்குக் காப்பீட்டுப் பாலிசி தரும் டைட்டில் கம்பெனியின் கமிட்மென்ட், அதாவது எந்த நிபந்தனைகளில் பாலிசி தரும் என்ற முன்னறிக்கை, அவசியம் வேண்டும். ஆனால் வில்லங்கம் இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். என்ன வில்லங்கம் என்பதை வாங்குபவர்தான் படித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

நேராக அறிக்கையில் ஷெட்யூல் பி என்ற பட்டியலின் இரண்டாம் பகுதிக்குப் போங்கள். பாலிசியில் சேராத விலக்குகள் அங்கே இருக்கும். கவனென்ட் எனப்படும் மனைக் கட்டுப்பாடுகள் புத்தக எண், பக்க எண்ணோடு ஒற்றை வரியில் வரும்; உங்கள் வீட்டுக்குத் தடை உண்டா என்று அந்த வரியில் இருக்காது. இந்தச் சேவையின் பெரிய குறை இதுதான். விலக்கில் ஏறிய கட்டுப்பாட்டை வைத்துப் பக்கத்து மனைக்காரர் வழக்குப் போட்டால் பாலிசி கைகொடுக்காது. அதனால் ஒவ்வொரு பத்திரத்தின் முழு நகலையும், பின்னால் வந்த திருத்தங்களையும், பிளாட் எனப்படும் மனைப்பிரிவு வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். வரைபடத்தின் ஓரக் குறிப்புகளிலும் தடை இருக்கலாம்.

படிக்கும்போது சொல்லுக்குச் சொல் பாருங்கள். "டிரெய்லர் கூடாது", "மொபைல் ஹோம் கூடாது", "மனையிலேயே கட்டிய வீடு மட்டும்" ஆகிய மூன்றும் வேறு வேறு. கடைசி வாசகம் மாடுலர் வீட்டையும் (பகுதி பகுதியாகத் தொழிற்சாலையில் செய்து மனையில் பொருத்தும் வீடு) தடுக்கக்கூடும். 1976 ஜூன் 15 முதல் ஹெச்.யு.டி. (மத்திய அரசின் வீட்டுவசதித் துறை) விதிப்படி தயாரான வீடு மொபைல் ஹோமே அல்ல, பழைய தடை செல்லாது என்று விற்பவர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். சக்கரம், அச்சு எல்லாம் கழற்றி நிரந்தர அஸ்திவாரத்தில் வைத்த வீட்டுக்கும் தடை பொருந்தும் என்று தீர்ப்புகள் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை மாறும். கவுண்டி (உள்ளூர் நிர்வாகம்) தந்த ஸோனிங் எனும் நிலப் பயன்பாட்டு அனுமதியும் கவனென்டை நீக்காது. வழக்கில் தோற்றால் வீட்டையே அகற்ற உத்தரவு வரலாம்.

பாலிசியோடு சேர்க்கும் எண்டார்ஸ்மென்ட் எனும் கூடுதல் இணைப்புகளில் பலர் குழம்புகிறார்கள். ஆல்டா (டைட்டில் கம்பெனிகளின் அமெரிக்கச் சங்கம்) வகுத்த 7-ஆம் எண் இணைப்பு வீட்டையும் நிலத்தோடு சேர்த்துக் காப்பீடு செய்கிறது. கவனென்ட் அதன் வேலை அல்ல. காலி மனைக்கான ஆல்டா 9.1 இணைப்பு கவனென்ட் மீறலைக் கவனிக்கிறது, ஆனால் பாலிசி தேதியில் இருக்கும் மீறலை மட்டும்தான். பிறகு நீங்கள் கொண்டுவந்து இறக்கும் வீட்டுக்கு அதில் பாதுகாப்பு இல்லை. ஆகவே கமிட்மென்ட் கைக்கு வந்தபின் ஆட்சேபம் எழுப்பவும், முன்பணத்தைத் திரும்பப் பெறவும் அவகாசம் தரும் வரியை விற்பனை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். அந்த நாட்கள் முடியும் முன் பத்திர நகல்களை உள்ளூர் ரியல் எஸ்டேட் வழக்கறிஞரிடம் காட்டிவிட வேண்டும்.